தண்டர்ஜெட் மஸ்டாங் (தடத்தில் மின்சாரத்தால் ஓடும் பழைய சின்னப் பொம்மைக் கார்): பழுதுபார்ப்புக் குறிப்புகள்

மார்ச் 3
கியர் பிளேட் (பல்சக்கரங்களைத் தாங்கும் மேல்தகடு) கிளிப்பை எடுத்தும் பிளேட் அசையவில்லை. பழைய எண்ணெய் வார்னிஷாக இறுகியிருக்கிறது. நெம்பினால் சேசிஸ் விரியும். லைட்டர் திரவம் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தால் இளகிவிடும். காந்தங்களை எடுக்குமுன் எது முன், எது பின், எந்த முகம் மேலே என்று குறித்தாக வேண்டும். இரண்டும் இடம் மாறினால் வண்டி பின்னோக்கி ஓடும்.

மார்ச் 4
ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும் சுருள் பகுதி). கம்யூட்டேட்டரின், அதாவது சுருள்களுக்கு மின்சாரம் ஏற்றும் செப்புத் துண்டுகளின், மூன்று ஜோடிகளையும் அளந்தேன்: 16.4, 16.5 ஓம். மூன்றாவது ஜோடி 16.5 காட்டுகிறது, கம்பியை லேசாகத் தொட்டால் 49க்குத் தாவுகிறது, மற்ற இரண்டும் 24.5க்கு ஏறுகின்றன. ஒரு சுருள் அறுந்தால் வரும் கணக்கு இதுதான். விரலால் தள்ளினால்தான் கிளம்பியதற்கும் இதுவே காரணம்.

மார்ச் 5
இன்றும் 49.

மார்ச் 7
பாடி. சக்கர வளைவுகளை யாரும் வெட்டவில்லை. அதுவே பெரிய விஷயம். பெரிய டயர் போடுவதற்காக அன்றைய பையன்கள் வெட்டித் தள்ளிய பாடிகள்தான் அதிகம் கிடைக்கின்றன. பின் திருகுத் தூண் நெடுக விரிசல். திருகை அளவுக்கு மீறி முறுக்கியதன் பலன். ஸ்டைரீன் குழாயைத் தூண்மேல் செருகிப் பிளாஸ்டிக் சிமென்ட் இட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். அசிட்டோன் பக்கத்திலேயே வரக்கூடாது, பாடி கரைந்துவிடும். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். பின் பம்பரைப் பிளீச்சில் போடவே கூடாது. குரோம் சில நிமிடத்தில் போய்விடும். முன் பம்பர் வரவில்லை.

மார்ச் 8
கம்யூட்டேட்டர் ஓரத்தில் கம்பி விட்டிருந்தது. எனாமலைச் சுரண்டி, ஊசிமுனைச் சால்டரிங் இரும்பால் ஒரு நொடி பற்றவைத்தேன். நீடித்தால் பிளாஸ்டிக் இளகிக் கம்யூட்டேட்டர் சாய்ந்துவிடும். 16.4, 16.5, 16.5.

மார்ச் 9
பிரஷ் (கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் தரும் கரித் துண்டு). கீழே உள்ள செப்புத் தகட்டின் அழுத்தம்தான் எல்லாம். மிஞ்சினால் மோட்டார் சூடாகும், குறைந்தால் பொறி பறந்து கம்யூட்டேட்டர் கறுக்கும். எண்ணெயை ஊசிமுனையால் மட்டும்: தண்டின் இரு முனை, கியர்கள், பின் அச்சு. கூடினால் கம்யூட்டேட்டரில் இறங்கிக் கரியோடு சேர்ந்து குழம்பாகும். பிக்கப் ஷூக்களில் (தடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள்) பள்ளம், தட்டையாகத் தேய்த்தாயிற்று.

மார்ச் 11
18 வோல்ட் நேர்மின்சாரம். தள்ளாமலே கிளம்பியது! 1960இல் இந்த வண்டியைச் செய்த அரோரா நிறுவனம் விட்ட வைப்ரேட்டர் வண்டிகள் மாறுமின்சாரத்தில் அதிர்ந்து நகர்ந்தவை; 1963இல் இந்தத் தட்டை மோட்டாரைப் படுக்கவைத்து, மேலே பல்சக்கரங்களை அடுக்கினார்கள். எத்தனை அழகான யோசனை. கல்லாகிப்போன ரப்பர் டயர்களைக் கழற்றிச் சிலிகான் போட்டேன், பழையவை தனி உறையில். சூடானபின் அளவு: 17.7, 17.8, 17.8.

மார்ச் 12
ஆறியபின் மறுபடி அளந்தேன். 16.5.
பம்பர் இன்னும் வரவில்லை.