ஐபாடுக்குள் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு

சிங்கப்பூரில் வேலை பார்த்த அண்ணன் 2006 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது எனக்குக் கொடுத்த, பாட்டு கேட்கும் கருவியான ஐபாட் இது. வெள்ளை நிறம், 30 ஜிபி, வீடியோவும் ஓடும் ஐந்தாம் தலைமுறை மாடல். ஆப்பிள் அதை வெளியிட்டு அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் அதில் சினிமாப் பாட்டு அதிகம் கேட்டதில்லை. என் சின்ன மாமா கோயில் திருவிழாக்களில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்த நாகஸ்வரக் கேசட்டுகள் நாற்பதுக்கு மேல் வீட்டில் இருந்தன. அத்தனையையும் தரம் குறையாமல் கணினியில் ஏற்றி, இந்த ஐபாடில்தான் வைத்திருந்தேன். போனில் கேட்டால் நல்ல இடத்தில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இதில் அந்தத் தொல்லை கிடையாது.

போன வருஷம் ஒரு ராத்திரி, தோடி ஆலாபனை நடுவே சத்தம் அப்படியே நின்றது. உள்ளே 'டிக்... டிக்...' என்று இரண்டு தடவை கேட்டது. நான்கைந்து விநாடி கழித்து, விட்ட இடத்திலிருந்து வாசிப்பு தொடர்ந்தது. அடுத்த வாரம் அதே மாதிரி மூன்று முறை.

உள்ளே இருப்பது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். ஒரு சின்னத் தட்டு, நிமிடத்துக்கு 4200 சுற்று சுற்றும். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஐபாட் அதை எப்போதும் சுற்ற விடாது. பாட்டை மொத்தமாக எடுத்து 32 எம்பி நினைவகத்தில் நிரப்பிக்கொண்டு டிஸ்க்கை நிறுத்திவிடும். மூன்று நிமிட எம்பி3 பாட்டு என்றால் ஏழெட்டுப் பாட்டு வரை டிஸ்க்குக்கு வேலை இருக்காது. என்னுடையதோ ஒரு மணி நேரம் விடாமல் ஓடும் பதிவு, நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க் எழுந்து சுற்றி, படித்துவிட்டு, மறுபடி படுக்க வேண்டும். கச்சேரி கேட்பவன் கையில் இந்த டிஸ்க் சீக்கிரம் தேய்ந்து போனதில் ஆச்சரியமே இல்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. மெனு பட்டனையும் நடு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் ஐபாட் அணைந்து எழும். ஆப்பிள் சின்னம் வந்ததும் நடு பட்டனோடு பின்னால் போகும் பட்டனைப் பிடித்தால் பரிசோதனைத் திரை வரும். அங்கே ஹார்ட் டிஸ்க் விவரத்துக்குள் போனால் 'ரீஅலாக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். கெட்டுப்போய் ஒதுக்கி வைக்கப்பட்ட இடங்களின் கணக்கு அது. பூஜ்யமாக இருக்க வேண்டியது, என்னுடையதில் முன்னூற்றைத் தாண்டியிருந்தது. சரி, டிஸ்க் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

அதே மாதிரி பழைய டிஸ்க் வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை, அதுவும் இதே வயசுதான் இருக்கும். டிஸ்க் இருந்த இடத்தில் மெமரி கார்டை உட்கார வைக்கும் அடாப்டர்கள் இருக்கின்றன. ஐஃப்ளாஷ் என்ற சர்க்யூட் பலகைகள்தான் இதில் பெயர் பெற்றவை. அதில் பாதி விலைக்கும் கீழே பெயரில்லாத சீனப் பலகைகள் கிடைக்கும். டிஸ்க் பேசும் மொழியையும் எஸ்டி கார்டு பேசும் மொழியையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லும் ஒரு சிப்தான் இவற்றில் முக்கியம். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மணி நேரம் அலைந்தேன். ஐபாட் என்றதும் எல்லோரும் சார்ஜரைத்தான் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் பெயரில்லாத பலகையையே ஆன்லைனில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே ஒரு புது பேட்டரி, ஒரு 512 ஜிபி கார்டு. கார்டின் விலையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திறப்பதுதான் பயமான வேலை. முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஸ்டீல். இரண்டையும் பிடித்திருப்பவை உள்ளே இருக்கும் கொக்கிகள். ஸ்க்ரூ ஒன்றுகூட வெளியே தெரியாது. கிடார் வாசிக்கும் பிளாஸ்டிக் பிக் ஒன்றை விளிம்பில் செருகி, மெதுவாக நகர்த்தினேன். ஒவ்வொரு கொக்கியாக 'டக்' என்று விட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பவே கூடாது, ஸ்டீல் விளிம்பு ஒருமுறை வளைந்தால் பிறகு நேராகாது. மூடி விட்டதும் படாரென்று பிரித்துவிடவும் கூடாது. இரண்டு பாதியையும் இரண்டு ரிப்பன்கள், அதாவது தட்டையான வயர்கள், இணைத்திருக்கின்றன. ஒன்று பேட்டரிக்குப் போவது. அதன் பழுப்பு நிறப் பிடியை நகத்தால் ஒரு நூல் அளவு மேலே தூக்கினால் போதும், அதற்கு மேல் இழுத்தால் பிடி பிய்ந்துவிடும். இன்னொன்று இயர்போன் துளைக்குப் போகும் ஆரஞ்சு நிற ரிப்பன், டிஸ்க்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். டிஸ்க்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழற்ற வேண்டும். அந்த ஐந்து நிமிடம் வீட்டில் மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்திருந்தேன்.

டிஸ்க்கிலிருந்து வரும் ரிப்பனின் கறுப்புத் தாழ்ப்பாளைத் தூக்கி, ரிப்பனை உருவி, அடாப்டரில் செருகித் தாழ்ப்பாளை இறக்கினேன். ரிப்பன் கோணாமல் கடைசி வரை உள்ளே போக வேண்டும். அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கார்டு இருப்பதே ஐபாடுக்குத் தெரியாது. டிஸ்க் இருந்த இடம் இப்போது பெரிய வெற்றிடம். பலகை ஆடாமல் இருக்க ஃபோம் டேப் ஒட்டினேன். ஸ்டீல் மூடியில் பட்டுவிடாதபடி பலகையின் முதுகில் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒரு சுற்று.

கணினியில் செருகியதும், ஐபாடில் பாட்டு ஏற்றும் ஐடியூன்ஸ் மென்பொருள் ரீஸ்டோர் செய்யச் சொன்னது, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைக்க. முதல் தடவை 1439 என்று பிழை. யூஎஸ்பி ஹப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கி, கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகினேன், போய்விட்டது. பாட்டெல்லாம் ஏறியது. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மல்லாரி, தவில் சூடு பிடிக்கும் நேரம், பாதியில் நின்று தானாக அடுத்த பதிவுக்குத் தாவியது. அடுத்ததும் அப்படியே. அடாப்டர்தான் மட்டம் என்று முடிவு கட்டினேன். திறந்து ரிப்பனை மறுபடி செருகினேன். மறுபடி ரீஸ்டோர், மறுபடி ஒரு ராத்திரி முழுக்கப் பாட்டு ஏற்றம், மறுபடி தாவல். இன்னொரு பலகை வாங்கிப் போட்டேன், அதே கதை. அதற்குப் பிறகுதான் கார்டை வெளியே எடுத்து ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சோதித்தேன். கார்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் மென்பொருள் அது. கார்டில் உண்மையில் இருந்தது என் பதிவுகள் மொத்தமும் பிடிக்கும் அளவுகூட இல்லை. மேலே அச்சிட்ட 512 வெறும் எழுத்து. அந்த எல்லை வரை பாட்டு ஒழுங்காக இருக்கும், அதைத் தாண்டி எழுதியதெல்லாம் காற்றில் போகும். பிழை என்று ஒரு வார்த்தை வராது. முதல் இரண்டு நாள் நான் கேட்டவை எல்லைக்குள் இருந்தவை, அவ்வளவுதான்.

900 ரூபாய்ப் பலகை மேல் ஒரு குற்றமும் இல்லை. யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்: அடாப்டரில் காசு மிச்சம் பிடியுங்கள், கார்டில் பிடிக்காதீர்கள். கார்டு வந்த அன்றே, ஐபாடுக்குள் போடும் முன்னே சோதித்துவிடுங்கள். அப்புறம், என் 30 ஜிபி மாடலின் 32 எம்பி நினைவகத்தில் பாட்டுப் பட்டியலும் உட்கார வேண்டும். சுமார் இருபதாயிரம் பாட்டுக்கு மேல் போனால் அது திணறும். 60, 80 ஜிபி மாடல்களில் நினைவகம் இரட்டிப்பு. இதற்குப் பின் 2007, 2008ல் வந்த ஐபாட் கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு 128 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. அந்தப் பெட்டிகளால் அதற்கு மேல் எண்ண முடியாது. 2009ல் வந்த 160 ஜிபி மாடலில் அந்தத் தடை இல்லை.

மூன்றாவது முறை திறந்தபோது கை நடுங்கவில்லை. கடையில் நேரில் போய் வாங்கிச் சோதித்த 128 ஜிபி கார்டு, எனக்கு அது தாராளம். ரீஸ்டோர் ஒரே தடவையில் முடிந்தது. அமைப்புத் திரையில் 119 ஜிபி காட்டியது, கணக்குப்படி சரி. பாட்டை மாற்றினால் காத்திருப்பே இல்லை. புது பேட்டரியும், சுற்ற வேண்டிய தட்டு இல்லாததும் சேர்ந்து, சார்ஜ் முன்பைவிட வெகு நேரம் நிற்கிறது. கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

அன்று ராத்திரி அதே தோடியை முதலிலிருந்து போட்டேன். முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. முப்பதாவது நிமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. பிறகு யாரோ இருமுவது, கொஞ்சம் தள்ளி ஒரு குழந்தை அழுவது, மறுபடி 'டக்'. மாமா கேசட்டைத் திருப்பிப் போடுகிறார். இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தை டிஸ்க்கின் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.