தையில் கோடை, ஆடியில் குளிர்: மொரீசியஸ் கோயில் பயணம்

மொரீசியஸ் தமிழர்கள் விரதத்துக்கும் திருவிழாவுக்கும் பார்ப்பது நம்ம பஞ்சாங்கத்தைத்தான். தீவு கிடப்பதோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில். மார்கழியும் தையும் அங்கே கொளுத்தும் கோடை. ஆடி நல்ல குளிர்காலம். மார்கழிப் பனி என்று சால்வையோடு போய் இறங்குகிறவர், தலைநகர் போர்ட் லூயிசில் 30 டிகிரி வெயிலில் அதைச் சுமந்துகொண்டுதான் அலைய வேண்டும்.

தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. கொடியேறியதிலிருந்து பத்து நாள் விரதம், கவிச்சி கிடையாது. பூசத்தன்று காலையில் ஆற்றங்கரையில் குளியல், பூசை, அலகு. பிறகு கோயிலுக்கு நடை. பார்க்கப் போகிறவர்கள் காத்ர் போர்ன் ஊரில் கோர் தெ கார்ட் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயிலைத் தேர்ந்தெடுக்கலாம். படியேறி நின்றால் ஊர் முழுக்கக் கீழே தெரியும்.

சிக்கல் வெயில்தான். ஜனவரி 20, 21 வாக்கில் சூரியன் தீவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நண்பகல் 12.20 அளவில் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஒதுங்கி நிற்கச் சுவர் நிழல்கூட இருக்காது. காவடிக்காரர்களோடு வெறுங்காலில் நடப்பவர்களுக்குத் தார் ரோடு சுட்டுத் தள்ளும். ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக்கோடு தாரைவிடச் சூடு குறைவு, அதன்மேல் நடக்கலாம். தண்ணீர் தெளித்த இடம் இன்னும் நல்லது. குடை வேண்டாம், காவடியின் மயிற்பீலியில் சிக்கும். தலைக்கு ஈரத்துண்டு போதும். காலை எட்டு மணிக்குள் ஆற்றங்கரைக்குப் போய்விடுவது உத்தமம். பதினொன்றுக்கு மேல் வந்து சேர்கிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள்.

காவடியோடு செம்பில் கொண்டுபோகும் பால் திரியாமல் சந்நிதி சேர்வது முருகன் அருள் என்பார்கள். அருள் இருக்கட்டும், செம்பையும் கவனிக்க வேண்டும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தபின் கழுத்து வளைவில் கொஞ்சம் புளி ஒட்டியிருந்தாலும், அந்தப் புளிப்பும் கோடைச் சூடும் சேர்ந்து பாலைத் திரித்துவிடும். மூன்று தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, குளிர்ந்த பாலைக் கிளம்பும் நேரத்தில் முக்கால் செம்பு ஊற்றி, வாழையிலை வைத்து வாயை இறுகக் கட்டினால் கவலையில்லை. முழுக்க நிரப்பினால் அலம்பி, கட்டிய இலையே நழுவிவிடும்.

இது புயல் பருவமும்கூட. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எந்த வாரமும் வரலாம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அந்த வருஷத் தைப்பூசம் சரியாகப் பத்து நாள் கழித்து, ஜனவரி 25. எச்சரிக்கை நான்கு படிகளில் வரும். இரண்டாம் படியிலேயே குடிநீரும் ரொட்டியும் வாங்கிவைத்துவிட வேண்டும். மூன்றாம் படி வந்தால் பஸ் நிற்கும், கடை மூடும், கோயிலுக்குக் கிளம்பக் கூடாது. விமான டிக்கெட்டைத் திருவிழாவுக்கு மறுநாளே திரும்புகிற மாதிரி போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டு மூன்று நாள் விட்டுப் போடுங்கள்.

கூட்டம் வேண்டாம், நிதானமாகச் சாமி கும்பிட்டால் போதும் என்பவர்களுக்குச் சித்திரைக் கடைசியும் வைகாசியும் அருமை. மழை ஓய்ந்திருக்கும், மலை பச்சையாகவே இருக்கும், வெயில் உறைக்காது. போர்ட் லூயிசின் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிப் பார்க்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. கோடை நண்பகலில் அந்தப் பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது.

ஆடி வெள்ளிக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறக்கக் கூடாது. தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். கடற்கரை ஊர்களில் வெயில் இதமாக இருக்கும்போதே, கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பீப்பில் தூறலும் மூடுபனியும் இருக்கும். இரவில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நிற்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு மாற்றுவேட்டி அவசியம். பொழுதும் சீக்கிரம் சாயும், மாலை ஐந்தே முக்காலுக்கே இருட்டத் தொடங்கும். கிராமப்புற பஸ்கள் ஆறரை வாக்கில் ஓய்ந்துவிடும். சாயரட்சை பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் டாக்சிக்காரரிடம் காலையிலேயே பேசிவைத்துவிட வேண்டும்.