13 ஜெர்சியும் என் ஒரே ஜெர்சியும்

பேஸ்கட்பால் ஆடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பேங்க் வேலைக்கு வந்தவனை ஆபீஸில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அந்த வழியாக வந்தவர்களுக்குத்தான் தெரியும். 12 வருஷம் அந்தப் பார்வையை நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் நான் கிளையில் இருந்த நேரமே குறைவு. காலையில் ப்ராக்டிஸ், 11 மணிக்கு வந்து ஒரு கையெழுத்து, மதியத்துக்கு மேல் மறுபடி கோர்ட். மே மாதம் வந்தால் பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் என்று வரிசையாக டோர்னமென்ட். லூதியானா மாதிரி ஊருக்குக் கிளம்பினால் சென்ட்ரலிலிருந்து இரண்டு ராத்திரி ரயில். 6 அடி 1 அங்குல ஆளுக்கு ஸ்லீப்பர் பெர்த் பத்தாது, பாதம் நடைவழியில் நீட்டிக்கொண்டு நிற்கும், டீ விற்பவரிலிருந்து டி.டி.ஆர். வரை எல்லோரும் இடித்துவிட்டுத்தான் போவார்கள். தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். இன்றைக்கும் வீட்டுக் கட்டிலில் அப்படித்தான் தூங்குகிறேனாம், மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

இவ்வளவு ஊர் சுற்றியும் போட்டது ஒரே ஜெர்சி. கூட ஆடியதும் அதே ஆட்கள். நான் பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆள். திரும்பிப் பார்க்காமலே பந்தை விடுவேன், அங்கே ஆள் நிற்பான்.

அதனாலோ என்னவோ, அமெரிக்காவின் பேஸ்கட்பால் லீக்கான என்.பி.ஏ.வில் எனக்கு இஷ் ஸ்மித் என்ற பாயின்ட் கார்டு மேல் ஒரு கண். நட்சத்திரங்களை விடுங்கள், அவர்களைப் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஸ்மித் 6 அடிதான், 2010 டிராஃப்டில், அதாவது புது ஆட்களை டீம்கள் முறை வைத்து எடுக்கும் தேர்வில், எந்த டீமும் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. ஹூஸ்டன் சேர்த்துக்கொண்டது, சீசன் முடிவதற்குள் மெம்ஃபிஸுக்குத் தள்ளிவிட்டது. அப்புறம் கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தார். டெட்ராய்டில் மட்டும் சேர்ந்தாற்போல் 3 சீசன். 2022-ல் டென்வர் ஜெர்சியைப் போட்டபோது அது 13-வது டீம், அதுவரை என்.பி.ஏ.வில் யாரும் 12-ஐத் தாண்டியதில்லை. இதில் பலவும் அவர் கேட்டுப் போன இடமில்லை. டிரேட் என்றால் காண்ட்ராக்டோடு ஆளையும் சேர்த்து மாற்றிக்கொள்வார்கள், பெரும்பாலும் ஆளைக் கேட்பது கிடையாது.

இதையெல்லாம் நான் முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். என் முழங்கால் போகும்வரை எனக்கு என்ன தெரியும்?

சிமென்ட் கோர்ட்டில் குதித்து வளர்ந்த கால், 2008-ல் கைவிட்டது. டீம் பட்டியலில் என் பெயர் விடுபட்ட அடுத்த வாரமே வடசென்னையில் ஒரு கிளை, கேஷ் கவுன்டர். வயது 33. சர்வீஸ் 12 வருஷம், அனுபவம் பூஜ்யம். பக்கத்து கவுன்டரில் இருந்தவர் என்னைவிட 9 வயது சின்னவர், அவர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். "சார், ஸ்க்ரீனை அப்புறம் பாருங்க, முதல்ல நோட்டைப் பாருங்க. கஸ்டமர் ஸ்லிப்ல எழுதினதை நம்பாதீங்க, நீங்களே எண்ணுங்க." எனக்கு விரல் பெரிசு, புது நோட்டு இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு வரும். மூன்றாம் நாள் சாயந்திரம் கணக்கு டேலி ஆகவில்லை, 1,500 ரூபாய் குறைகிறது. குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தோம். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்ன சார், பந்தைப் பாஸ் பண்ற மாதிரி காசையும் பாஸ் பண்ணிட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பணத்தைக் கையிலிருந்து கட்டினேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது, என் வாழ்க்கையில் நான் ஒருமுறைகூடப் புது ஆளாக இருந்ததில்லை என்று. 

பாயின்ட் கார்டுதான் யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்ல வேண்டியவன். புது டீமில் சுற்றியிருக்கும் நாலு பேரும் பழைய ஆள், அவர்களுக்கு வழி சொல்கிறவன் மட்டும் நேற்று வந்தவன். அதே ஆட்டத் திட்டத்துக்கு ஓர் ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் வெறும் விரல் சைகை. இதை 13 இடத்தில் செய்வது வேகத்தால் மட்டும் வருவதில்லை.

பிலடெல்பியா கதை ஒன்று போதும். 2014-15 சீசனில் ஸ்மித் அங்கே ஆடினார், அதோடு விட்டுவிட்டார்கள். அடுத்த சீசனில் முதல் 31 ஆட்டத்தில் 1 வெற்றி, 30 தோல்வி. ஆள் இருக்கிறார்கள், உயரம் இருக்கிறது, பந்தைச் சரியான நேரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் இல்லை. 2015 டிசம்பரில், சும்மா போகவிட்ட அதே மனிதரை, வருங்கால டிராஃப்டில் இரண்டாம் சுற்று வாய்ப்பு இரண்டைக் கொடுத்து அப்போது அவர் இருந்த நியூ ஆர்லியன்ஸ் டீமிடமிருந்து திரும்ப வாங்கினார்கள்! சீசன் 10 வெற்றி, 72 தோல்வி என்றுதான் முடிந்தது, அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த 10-ல் 9 அவர் வந்த பிறகு வந்தது.

2023-ல் டென்வர் முதல் முறையாக சாம்பியன் ஆனபோது அவருக்கு பெரும்பாலும் பெஞ்ச்தான். "உட்கார்ந்ததுக்கு சாம்பியன் மோதிரமாப்பா?" என்பான் என் மகன். பதில் சொல்வதில்லை, அவன் இன்னும் வேலைக்குப் போகவில்லை.

இப்போது எனக்கு 7-வது கிளைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, அம்பத்தூர் பக்கம். ஸ்மித்தைப் பிடிக்க இன்னும் 6 பாக்கி, ரிட்டயர்மென்டுக்கு 9 வருஷம், நடந்தாலும் நடக்கும். நேற்றே அங்கே போன் போட்டேன். எந்த கம்ப்யூட்டர் தகராறு செய்யும், ஸ்ட்ராங் ரூம் சாவி யார் யாரிடம், எந்தக் கடைக்காரர் சனிக்கிழமை சில்லறை மூட்டையோடு வருவார் என்று கேட்டேன். போனை எடுத்த தம்பி, "சார், நீங்க திங்கட்கிழமைதானே ஜாயின் பண்றீங்க?" என்றான்.