எம்35ஏ2 லாரியில் லைட் எரியவில்லையா?

அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்35ஏ2 லாரியில் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் வேலை செய்யவில்லை என்றால், வயரைப் பிரிப்பதற்கு முன் டேஷ்போர்டில் உள்ள மூன்று நெம்புகோல் லைட் ஸ்விட்சைப் பாருங்கள். மெயின் நெம்புகோல் ஆஃபிலோ இருட்டடிப்பு நிலையிலோ (எதிரி கண்ணில் படாதபடி மங்கலான விளக்கு மட்டும் எரியும் நிலை) இருந்தால் அவை எரியாது. அன்லாக் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப் லைட் நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து பேட்டரி. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக 24 வோல்ட். இன்ஜின் ஓடாதபோது சுமார் 25 வோல்ட், ஓடும்போது 28 அளவில் இருக்க வேண்டும். ரேடியோவுக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒன்று வற்றும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகும்.

மிச்சத்தில் பெரும்பாலானது எர்த் கோளாறுதான், அதாவது விளக்கிலிருந்து வண்டியின் இரும்பு உடல் வழியே பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் இணைப்பில் கோளாறு. லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் உலோகக் கூட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. காரணம், போல்ட்டுக்கு அடியில் அடுக்கடுக்காக அடித்த பெயிண்ட், அதன்கீழ் துரு. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள்.

எர்த் நன்றாக இருந்தால் ரப்பர் உறை கனெக்டர்களைப் பிரியுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு இருந்தால் சுத்தம் செய்து ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். வயர் நுனியில் எண் பொறித்த தகட்டைத் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள், வயரிங் படத்தோடு ஒப்பிட அதுதான் வழி. மீட்டரில் அளந்து முடித்த பிறகு, சுரண்டவோ கனெக்டரைப் பிரிக்கவோ கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள்.