பூக்கூடை ஏந்திய ஆண்டுகள்

8 ஜூன் 2025, ஞாயிறு: தூய ஆவியார் பெருவிழா

கிறிஸ்துவின் உடலாக வணங்கப்படும் அப்பத்தை வீதியில் ஏந்திச் செல்லும் நற்கருணைப் பவனிக்கு இன்னும் இரண்டு வாரங்களே இருக்கின்றன. பூத்தூவும் சிறுமியரைப் பழக்கும் பொறுப்பை இவ்வாண்டு பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஆண்டுதோறும் நானும் கூடை ஏந்தி நடந்தேன்; ஆனாலும் அந்தப் பவனி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் என்னால் முழுமையாகச் சொல்ல இயலாது. நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரம் ஏந்திய குருவும், அவருக்கு மேலே நால்வர் பிடித்த விதானமும் எங்களுக்குப் பின்னால் வந்தன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. எனவே என் நினைவில் தங்கியிருப்பவை பின்னாலிருந்து வந்த தூபத்தின் மணமும், சிறுமணியின் ஒலியும், எனக்கு முன்னே நடந்த சிறுமியின் வெள்ளை உடையில் முடிச்சு அவிழ்ந்து தொங்கிய நாடாவும்தான்.

15 ஜூன் 2025, ஞாயிறு: மூவொரு கடவுள் பெருவிழா

இன்று முதல் பயிற்சி. மணி ஒலிக்கும்போது ஒரு பிடி, பிறகு மூன்று அடி நடை, மீண்டும் ஒரு பிடி என்று சொல்லிக்கொடுத்தேன்.

நான் நடந்த முதல் ஆண்டில், புறப்பட்ட வேகத்தில் இரு கைகளாலும் அள்ளித் தூவி, பாதி வழியிலேயே கூடையைக் காலிசெய்துவிட்டேன். நிற்கவும் அச்சம், அழவும் அச்சம். கூடைக்குள் கைவிட்டு வெறுங்கையையே வீசிக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் வந்த அக்கா, முகத்தைத் திருப்பாமலே தன் கூடையைச் சாய்த்து, பாதி இதழ்களை என் கூடையில் கொட்டினாள். அவள் பெயர் மறந்துவிட்டது. இரண்டு கூடைகளின் விளிம்பும் உரசிய ஒலி மறக்கவில்லை.

பவனி நடக்கும் கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் உரியதாகத் திருத்தந்தை நான்காம் உர்பான் 1264ஆம் ஆண்டு அறிவித்தார். அவ்வாணையில் பவனியைப் பற்றிய பேச்சே இல்லை. வீதியில் நடக்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது என்பதைச் சிறுமியரிடம் சொன்னபோது எனக்கே மனம் நெகிழ்ந்தது.

22 ஜூன் 2025, ஞாயிறு: கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா

வரிசைக்கு வெளியே, ஓரமாக நடந்தேன். வீதி வளையும் இடத்தில் முதன்முறையாகப் பவனி முழுவதையும் கண்டேன்: சிலுவை, மெழுகுதிரிகள், வெள்ளைச் சிறுமியர், தூபப் புகை, அதன் நடுவே மெல்ல அசைந்து வந்த விதானம். இவ்வளவு பெரியதொன்றின் முன்னால்தானா அத்தனை ஆண்டுகள் நடந்தேன் என்று எண்ணி, அங்கேயே முழந்தாளிட்டேன்.

நற்கருணை ஆசீர் முடிந்ததும் வந்த வழியே தனியாகத் திரும்பினேன். பெரும்பாலும் மூன்றடிக்கு ஒரு பிடியாகவே இதழ்கள் கிடந்தன. அந்த வளைவில் மட்டும், ஏதோ ஒரு சின்னக் கை மணியையும் அடிக்கணக்கையும் மறந்து, ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டியிருந்தது.