பனி முடிந்த பின் சின்னியை வெளியே விடும்போது

கோத்தகிரியில் மாசி பாதியைத் தாண்டினால் காலைப் பனி விலகத் தொடங்கிவிடும். பங்குனி பிறந்ததும் தேயிலையில் புதுக்கொழுந்து கிளம்பும், பாதையோரப் புல் முழங்கால் உயரத்திற்கு வந்துவிடும். குளிர்காலம் முழுவதும் அடுப்படியை விட்டு நகராத எங்கள் சின்னி, அந்த நாட்களில் விடிந்தும் விடியாததுமாகக் கதவருகே வந்து நின்றுகொள்வாள். அவள் நாட்டு நாய். இப்போது ஆறு வயது ஆகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பங்குனியில் அவளை ஏறக்குறைய இழந்துவிட்டோம் என்பதால், இந்த மாதங்களில் நாயை வெளியே விடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அப்போது அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் ஏறியதால் மந்தமாக இருக்கிறாள் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள் அம்மா அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறுகள் வெளுத்துக் கிடந்தன; வயிற்றுத் தோலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கழுத்துப் பட்டையைக் கழற்றியபோதுதான், அதற்கடியில் ஆமணக்கு விதையைப் போல் உப்பிப்போன உண்ணி ஒன்று ஒட்டியிருந்ததைக் கண்டோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 2 லட்சத்திற்குக் குறையாமல் இருக்கவேண்டும்; அன்றைய இரத்தப் பரிசோதனையில் அவை 31,000 ஆக இருந்தன. எர்லிக்கியா என்னும் கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சல் அது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் ஒரு வேளையும் தவறாமல் கொடுத்துத்தான் அவளை மீட்டோம்.

உண்ணி தாவுவதில்லை, பறப்பதுமில்லை. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை விரித்துக்கொண்டு, கடந்து போகும் உடலின் சூட்டையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து அப்படியே பற்றிக்கொள்கிறது. ஆடுமாடு நடமாடும் பாதையின் இருபுறமும், உண்ணிச்செடிப் புதர்களை ஒட்டியும் நடக்கும்போது நாயின் முகமும் காதும்தான் அந்த உயரத்தில் இருக்கின்றன. வீட்டுச் சுவர் விரிசலிலும் நாய்க்கூண்டின் இடுக்கிலும் குடியிருக்கும் உண்ணி வகையும் உண்டு. புல்லை மிதிக்காத நாயையும் அது விட்டுவைப்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு நாளும் வெளியே போய்வந்தவுடன் சின்னியை வாசல் திண்ணையில் உட்காரவைத்து, விரல் நுனிகளால் தடவிப் பார்க்கிறேன். காதின் உள்மடிப்பு, காதுக்குப் பின்புறம், பட்டைக்கு அடியில், கால் இடுக்கு, விரல்களுக்கு நடுவில், வாலின் அடி என்று உண்ணி விரும்பித் தங்கும் இடங்கள் சிலவே; பழகிவிட்டால் ஐந்து நிமிடம் போதும். கண்ணை விட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். கண்டால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் எங்கள் பக்கத்தில் இன்றும் நடக்கின்றன. அவற்றால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நாயின் உடலுக்குள்ளேயே கக்கிவிடக்கூடும் என்பதால் அவை வேண்டாம். எடுத்ததை விரலால் நசுக்காமலும் முற்றத்தில் எறியாமலும் ஸ்பிரிட் உள்ள குப்பியில் போட்டு மூடுங்கள். நிறைய இரத்தம் குடித்த ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகள் இடும்.

தடவிப் பார்ப்பது மட்டும் போதாது. பேபிசியா என்னும் கிருமி நாயின் உடலுக்குள் செல்லப் பொதுவாக ஒன்றிரண்டு நாள் ஆகும் என்றாலும், எர்லிக்கியாவுக்குச் சில மணி நேரமே போதும். அதனால் மாதம் ஒரு முறை தரும் மாத்திரையோ, மூன்று மாதம் தாங்கும் மாத்திரையோ, கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ கால்நடை மருத்துவரைக் கேட்டு, நாயின் எடைக்கு ஏற்பத் தொடங்கிவிட வேண்டும். உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் இந்த மாத்திரைகளில் சில அத்தகைய நாய்களுக்கு ஆகாது.

உண்ணிக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது எருவைத்தான். இந்தப் பருவத்தில் காய்கறித் தோட்டத்திற்கும் ரோஜாப் பாத்திக்கும் ஆமணக்குப் புண்ணாக்கு இடுபவர்கள் உண்டு, அதனுடன் எலும்புத்தூளும் கலந்திருந்தால் நாய்க்கு அது விருந்து போல மணக்கும். ஆமணக்கில் உள்ள ரைசின் கொடிய நஞ்சு. தின்ற உடனே ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும். நாய் புதிதாக எருவிட்ட மண்ணைக் கிளறித் தின்பதைக் கண்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பூச்செடிகளில் காட்டுப்பூவரசும் (ரோடோடென்ட்ரான்) அரளியும் நஞ்சுள்ளவை. சின்னி அவற்றை மோந்து பார்ப்பதோடு சரி, ஆனால் எதையும் கடித்துப் பார்க்கும் குட்டி நாய்கள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும்.

காட்டுப்பன்றிக்காக வைக்கும் அவுட்டுக்காயும் (இரைக்குள் பொதிந்த நாட்டு வெடி) சுருக்குக் கம்பியும் சட்டத்திற்குப் புறம்பானவை. இருந்தும் இரையின் வாசனைக்கு அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதைந்த நாயை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. தோட்ட ஓரத்தில் சங்கிலியைக் கழற்றாமல் நடப்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானது. வேறொன்றும் உண்டு: தேயிலைக்குள் மேயும் காட்டெருமையையோ கரடியையோ பார்த்துக் குரைக்கும் நாய், அது திரும்பித் துரத்தியவுடன் நம்மை நோக்கித்தான் ஓடிவரும். மாலை ஆறு மணிக்கு மேல் சின்னியை நாங்கள் வெளியே விடுவதில்லை, இரவில் அவள் படுப்பது வீட்டிற்குள்தான். வாசலில் கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு எளிதான இரை என்பதை இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் இதே பங்குனியில் போட்டுவிடுகிறோம். வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காக 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் பக்கத்துக் குன்னூரிலேயே இருக்க, தெருநாய்களும் நரிகளும் நடமாடும் பாதையில் தடுப்பூசி இல்லாத நாயோடு நடப்பது எனக்கு ஒப்பவில்லை.

சித்திரை பிறந்தால் சீசன் கூட்டம் வந்துவிடும். சமவெளியிலிருந்து நாயையும் அழைத்துக்கொண்டு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: காற்று குளிர்ந்திருப்பதை நம்பி, கண்ணாடியைச் சற்றே இறக்கிவிட்டு, வெயிலில் நிறுத்திய காருக்குள் நாயை விட்டுச் செல்லாதீர்கள். வெளியே குளிராக இருந்தாலும் மூடிய காருக்குள் அரை மணி நேரத்திற்குள் வெப்பம் நாய் தாங்க முடியாத அளவிற்கு ஏறிவிடும். போகும் இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லையென்றால், உங்களில் ஒருவர் அதனுடன் நிழலில் இருங்கள். குடிக்கத் தண்ணீரும் வைத்திருங்கள். ஊர் திரும்பிய அன்றிரவே காது மடிப்பையும் விரலிடுக்கையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்குள் அது சோறு தின்ன மறுத்தால், மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.