பருவுக்கு நீலமா, சிவப்பா? மாநிறத் தோலுக்கு எல்இடி மாஸ்க் வாங்கும் முன்

முகத்தில் மாட்டிக்கொண்டு தோலுக்குக் கலர் ஒளி கொடுக்கும் எல்இடி மாஸ்க் வாங்கக் கிளம்பும் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம், எந்தக் கலர் என்பதுதான். பெட்டியிலேயே பதில் அச்சடித்திருக்கும்: பருவுக்கு நீலம், சுருக்கத்துக்குச் சிவப்பு, கருமைக்குப் பச்சை, சிவந்துபோன தோலுக்கு மஞ்சள். நம்ம ஊர்த் தோலுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்கு நீல ஒளி பருவைக் குறைத்தாலும், அந்த இடத்தில் கருமையை விட்டுச்செல்லலாம். பருவை விட அது ஆறிய பிறகு நிற்கும் கறுப்புத் தடத்துக்குத்தான் இங்கே பலரும் வருத்தப்படுகிறார்கள்.

நீலம் வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. பருவோடு தொடர்புடைய கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் கிருமி போர்ஃபைரின் என்ற பொருளைத் தனக்குள் தயாரிக்கிறது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள (ஒளியின் கலரைக் குறிக்கும் அளவு) நீல ஒளி பட்டதும் அந்தப் போர்ஃபைரின் தூண்டப்பட்டு, கிருமியை அழிக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. சிவந்து வீங்கிய பருவுக்கு இது உதவும். அடைத்துக்கொண்ட கரும்புள்ளி, வெண்புள்ளிகளுக்குப் பெரிய பலன் இருக்காது. அவற்றுக்கு அடாபலீன் மாதிரியான கிரீம்தான் சரி.

சிக்கல் நிறமிச் செல்களில் இருக்கிறது. 2014-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், தோலின் நிறத்தை வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் 3, 4-ஆம் வகைத் தோல் உள்ளவர்கள் மேல் 415 நானோமீட்டர் நீலத்தையும் 630 நானோமீட்டர் சிவப்பையும் தனித்தனியாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். நீலம் பட்ட இடம் கறுத்தது, அளவு கூடக் கூடக் கருமையும் கூடியது, வாரக்கணக்கில் மறையவில்லை. சிவப்பு பட்ட இடம் கறுக்கவில்லை. மெலனோசைட் என்ற அந்த நிறமிச் செல்லில் இருக்கும் ஆப்சின்-3 என்ற ஏற்பி நீல ஒளியை உணர்ந்து கறுப்பு நிறமியான மெலனின் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது என்று 2018-ல் விளக்கம் வந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களின் தோல் 4, 5-ஆம் வகை, அதாவது அந்த ஆய்வில் இருந்தவர்களின் அளவுக்கோ அதைவிடவோ கறுப்பு.

அதனால் என் பரிந்துரை, முதலில் சிவப்பு. 630–660 நானோமீட்டர் சிவப்பும், கண்ணுக்குத் தெரியாத 830 அல்லது 850 நானோமீட்டர் அகச்சிவப்பும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியின் வழியாகச் செயல்படுவதாகக் கருதப்படுகிறது. வீக்கம் தணியும், தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் புரதத்தின் உற்பத்தி கூடும். பரு இருப்பவர்களும் இதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தடம் விழுவதற்கே வீக்கம்தான் காரணம். நீலம் வேண்டும் என்றால் சிவப்போடு சேர்த்து, பரு இருக்கும் இடத்துக்கு மட்டும், குறைந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2000-ல் லண்டனில் நடந்த ஆய்விலும், தினம் 15 நிமிடம் 12 வாரம் கொடுத்ததில், நீலம் மட்டும் பெற்றவர்களை விட நீலமும் சிவப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கே வீங்கிய பருக்கள் நன்றாகக் குறைந்தன.

கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு இருப்பவர்கள் நீலத்தைத் தொடவே வேண்டாம். சூடும் மங்குவைக் கிளறும் என்பதால் பெரிய அகச்சிவப்பு பேனலை முகத்துக்கு நெருக்கமாக வைப்பதையும் தவிருங்கள். பச்சையை நம்பி யாரும் பணம் போட வேண்டாம். கருமையைப் போக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 590 நானோமீட்டர் மஞ்சளுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் சிவப்பு இருக்கும்போது அதைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

இனி 'ஏழு கலர்' மாஸ்க். ஆன்லைனில் விலை மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் இருப்பது மூன்றே சிப்: சிவப்பு, பச்சை, நீலம். மற்ற நான்கும் கலவை. மஞ்சள் பட்டனை அழுத்தினால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியும். கண்ணுக்கு மஞ்சள்தான், தோலுக்கு 590 நானோமீட்டர் ஒரு துளியும் போகாது. அந்த வகை சிப்பில் நீலமும் பெரும்பாலும் 460–470 நானோமீட்டர். போர்ஃபைரின் அதிகம் உறிஞ்சும் 415 இல்லை. வீட்டிலேயே சோதிக்கலாம். அறையை இருட்டாக்கி, ஒரு பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தில் ஒரே ஒரு எல்இடியின் ஒளி விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். அசல் மஞ்சள் என்றால் ஒற்றைப் பட்டை தெரியும். கலவை என்றால் சிவப்பும் பச்சையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். நீலத்தைக் கண்ணாலேயே கணிக்கலாம்: 415 ஊதா சாயலில் கொஞ்சம் மங்கலாக இருக்கும், 465 பளிச்சென்ற நீலம். அகச்சிவப்பு எரிகிறதா என்று பார்க்க, டிவி ரிமோட்டைச் சோதிப்பது மாதிரி மொபைலின் செல்ஃபி கேமராவைக் காட்டுங்கள்; வெளிறிய ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் எரிகிறது. இந்த ஒளிகளைச் சிடியில் பார்க்கும்போதும் எல்இடியை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

அலைநீளத்துக்கு அடுத்து கேட்க வேண்டியது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், அதாவது ஒளி எவ்வளவு வலுவாக விழுகிறது என்பது. கணக்கு எளிது: மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், அந்தச் சதுர சென்டிமீட்டர் தோலுக்கு மொத்தம் கிடைக்கும் ஒளி ஆற்றல் ஜூலில் வரும். 30 மில்லிவாட் மாஸ்க்கை 10 நிமிடம் போட்டால் 18 ஜூல். அதே 18 ஜூலுக்கு 5 மில்லிவாட் மாஸ்க்கை ஒரு மணி நேரம் போட வேண்டும், யாரும் போடப் போவதில்லை. பேனல் என்றால் அந்த எண் எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் அளந்தது என்றும் கேளுங்கள். தள்ளி உட்கார உட்கார ஒளி வேகமாகக் குறையும். சென்னை ரிச்சி தெருவில் லக்ஸ் மீட்டர் வாங்கி அளப்பது வீண். அது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் கருவி, அகச்சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது.

அதிக நேரம் போட்டால் அதிகப் பலன் என்றும் நினைக்காதீர்கள். ஒரு அளவைத் தாண்டினால் பலன் குறைய ஆரம்பிக்கும். 10 நிமிடம், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், 8 முதல் 12 வாரம் என்பது சிவப்புக்கு நியாயமான தொடக்கம். முதல் முறை நீலம் போடுபவர்கள் தாடையோரம் ஒரு சின்ன இடத்தில் 5 நிமிடம் காட்டி, ஒரு வாரம் கவனியுங்கள். கறுத்தால் அந்த கலர் உங்களுக்கு வேண்டாம்.

மாலையில் போடுவது வசதி. முதலில் முகத்தை நன்றாகக் கழுவுங்கள். சன்ஸ்கிரீன், பவுடர், திருநீறு, எண்ணெய் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: மஞ்சளில் உள்ள குர்குமின் சுமார் 425 நானோமீட்டரில் ஒளியை அதிகம் உறிஞ்சும், அதாவது நீலத்தை மேலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு மாஸ்க். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் போட்டால் சிலிகோன் மாஸ்க்குக்கு உள்ளே வியர்வை தேங்கி, அதுவே வேர்க்குருவையும் புதுப் பருவையும் கொண்டுவரும். கழற்றியதும் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். அடாபலீன், ரெட்டினால் எல்லாம் ஒளிக்குப் பிறகுதான். மறுநாள் காலை அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் வெயிலில் வரும் நீல ஒளியைப் பெரிதாகத் தடுக்காது.

கண்ணுக்குக் கட்டாயம் மறைப்பு வேண்டும், கண்ணை மூடிக்கொண்டால் போதாது. 2019-ல் பிரபலமான நீல-சிவப்பு மாஸ்க் ஒன்று கண் பாதுகாப்பு காரணமாகவே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், ஒளி பட்டால் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து என்பதுதான் கவலை. பருவுக்கு இங்கே சாதாரணமாக எழுதித்தரும் டாக்சிசைக்ளின் அப்படிப்பட்ட மருந்து. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் என்ற நோய் இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

முகத்தில் இருப்பது பருதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது வியர்வையில் வளரும் பூஞ்சையாக இருக்கலாம். பூஞ்சைக்கு மருந்துதான் வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கிய சிவப்பழகு கிரீமை மாதக்கணக்கில் பூசி, நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கிறது என்றால், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் எந்தக் கலர் ஒளியும் போடாமல், கிரீம் டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.